வருமான வரி நோட்டீஸ்: எதனால் வருகிறது, வராமல் இருக்க என்ன செய்வது, வந்துவிட்டால் என்ன செய்வது

போன வருடம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பாஸ்புக், கிரயப் பத்திர நகல், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய 22 டெபாசிட் ரசீதுகள். ஒவ்வொன்றும் 49,000 ரூபாய். வருமான வரித் துறையிலிருந்து செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது: உங்கள் கணக்கில் பெரிய தொகைப் பரிவர்த்தனை நடந்திருக்கிறது, நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை, இணையதளத்தில் விளக்கம் தாருங்கள் என்று.

"தம்பி, அம்பதாயிரத்துக்கு மேல ஒரு தடவைகூடப் போடலையே, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் தன் மனையை 25 லட்சத்துக்கு விற்றிருந்தார். பத்திரத்தில் காட்டியது 14 லட்சம். மிச்சம் 11 லட்சம் ரொக்கமாகக் கைக்கு வந்தது. யாரோ சொன்ன யோசனைப்படி அதைப் பிரித்துப் பிரித்து வங்கியில் போட்டார். 49,000 ரூபாயை 22 தடவை போட்டால் 10,78,000. ஒரு நிதியாண்டில் ஒருவரின் சேமிப்புக் கணக்குகளில் விழும் ரொக்கம் எல்லாம் சேர்ந்து 10 லட்சத்தைத் தொட்டாலே வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 50,000 என்பது கவுண்டரில் பான் எண் கேட்பதற்கான வரம்பு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இப்படி வந்தவர்கள் நிறைய பேர். பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தங்களைப் பற்றி மற்றவர்கள் துறைக்கு என்ன எழுதிக் கொடுக்கிறார்கள் என்று தெரியாதவர்கள். அதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

முதலில் ஒரு குறிப்பு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் 2025-26 நிதியாண்டு வரைக்குமான கணக்குகளுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான். இன்று கைக்கு வரும் நோட்டீஸ்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டுகளைப் பற்றியவை. ஆகவே இங்கே சொல்லும் எண்களும் வரம்புகளும் அந்தச் சட்டத்தின்படியானவை.

படி 1: உங்களைப் பற்றி யார் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்

ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்ததும், மே 31-க்குள் வங்கி, தபால் நிலையம், சார்பதிவாளர் அலுவலகம், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனம் எல்லாரும் 61ஏ என்ற படிவத்தில் பெரிய பரிவர்த்தனைகளைத் துறைக்கு அனுப்புகிறார்கள். பான் எண்தான் இவை எல்லாவற்றையும் கோக்கும் நூல். அவர்கள் தெரிவிக்க வேண்டியவற்றில் நம் வீடுகளோடு சம்பந்தப்பட்டவை இவை:

- சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் போட்டது
- நடப்புக் கணக்கில் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் போட்டது அல்லது எடுத்தது
- 10 லட்சம் அல்லது அதற்கு மேல் ஃபிக்சட் டெபாசிட் போட்டது (புதுப்பித்தல் கணக்கில் வராது)
- கிரெடிட் கார்டு பாக்கியை ரொக்கமாக 1 லட்சம், அல்லது எந்த வழியிலும் 10 லட்சம் கட்டியது
- பத்திரத்திலோ வழிகாட்டி மதிப்பிலோ 30 லட்சம் அல்லது அதற்கு மேல் உள்ள சொத்தை வாங்கியது, விற்றது
- பங்கு, மியூச்சுவல் ஃபண்டு, கடன் பத்திரம் ஒவ்வொன்றிலும் 10 லட்சம் போட்டது

கிரெடிட் கார்டு விஷயத்தில் நல்ல மனசு உள்ளவர்கள்தான் மாட்டுகிறார்கள். தள்ளுபடிக்காக அலுவலக நண்பர்கள் எல்லாரும் ஒருவருடைய கார்டில் டிவி, ஃபிரிட்ஜ் வாங்குவார்கள். அவருக்கு ஜிபேயில் பணத்தைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஆண்டு முடிவில் 6 லட்சம் சம்பளக்காரர் 11 லட்சம் கார்டு பாக்கி கட்டியதாகக் கணக்கு நிற்கும். நண்பர்கள் அனுப்பிய பணத்துக்கு வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கும்வரை பயமில்லை. ஆனால் அதை எடுத்து, வரிசைப்படுத்தி, யார் எதற்கு அனுப்பினார் என்று எழுத வேண்டியது அவர்தான்.

படி 2: ஏஐஎஸ்-ஐத் திறந்து படியுங்கள்

2021 நவம்பரிலிருந்து வருமான வரி இணையதளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை கிடைக்கிறது. உள்ளே நுழைந்ததும் மேலே தெரியும் ஏஐஎஸ் பொத்தானை அழுத்தி, நிதியாண்டைத் தேர்ந்தெடுத்து, பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். கோப்பின் கடவுச்சொல் சிறிய எழுத்தில் பான் எண், அதை ஒட்டிப் பிறந்த தேதி, மாதம், ஆண்டு. பழைய 26ஏஎஸ் படிவத்தில் வரிப்பிடித்தம்தான் பிரதானம். இதில் சேமிப்புக் கணக்கு வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, சொத்துப் பதிவு, ஜிஎஸ்டி விற்றுமுதல்வரை எல்லாம் வருகிறது.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதைப் படிக்காமல் ரிட்டர்னைத் தாக்கல் செய்யாதீர்கள். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். அந்த 3 லட்சம் டெபாசிட் யாருடையது என்று ஆடிட்டருக்கு எப்படித் தெரியும்?

ஏஐஎஸ்-இல் தப்பும் இருக்கும். அப்பா, மகன் பெயரில் உள்ள கூட்டுக் கணக்கின் வட்டி இருவர் பெயரிலும் ஏறியிருக்கும். வேறு ஒருவரின் பதிவு உங்கள் பானில் விழுந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கருத்துச் சொல்ல வசதி உண்டு: சரி, முழுமையாகச் சரியில்லை, வேறு பான் அல்லது வேறு ஆண்டைச் சேர்ந்தது, இரட்டிப்பு, மறுக்கிறேன். அதைப் பதிவு செய்து, ஒப்புகை ரசீதைச் சேமித்து வையுங்கள். பின்னால் கேள்வி வந்தால் நீங்கள் முன்பே சொன்னதற்கு அதுதான் சாட்சி.

படி 3: எங்கெல்லாம் முரண் வருகிறது

துறையில் கேள்வி பிறப்பது பெரும்பாலும் கணினியில்தான். நீங்கள் எழுதிய கணக்கும் மற்றவர் எழுதியதும் பொருந்தாத இடங்களைக் கணினி பிரித்தெடுக்கிறது. கூர்ந்த ஆய்வுக்குப் போகும் கணக்குகளில் பெரும்பாலானவற்றைத் தேர்வதும் அதுவே. நான் அதிகம் பார்த்த இடங்கள் இவை.

வட்டி. மிகச் சாதாரணம், மிக அதிகம். "டிடிஎஸ் பிடிக்கலையே சார், அப்புறம் ஏன் காட்டணும்?" என்பார்கள். டிடிஎஸ் என்பது பணம் கொடுப்பவர் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி. அதைப் பிடிக்கும் வரம்பு வேறு, வரி வேறு. வரி பிடிக்க வேண்டாம் என்று 15ஜி படிவம் கொடுத்து டிடிஎஸ் இல்லாமல் வாங்கிய வட்டியும் வருமானம்தான்.

சொத்து. இங்கேதான் நம் ஊரில் பெரும் சிக்கல். பத்திரம் 40 லட்சம், வழிகாட்டி மதிப்பு 46 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுவதால், விற்றவருக்கு 46 லட்சத்தையே விற்பனைத் தொகையாக வைத்து மூலதன ஆதாயம், அதாவது விற்றதில் கிடைத்த லாபம், கணக்கிடுவார்கள். வாங்கியவருக்கும் அந்த 6 லட்சம் வருமானமாகச் சேரும். இரண்டு பக்கமும் அடி. மதிப்பு குறைவு என்று முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் விசாரணைக்குப் போன பத்திரமாக இருந்தால், முத்திரைக் கட்டணத்துக்காகக் கடைசியில் நிர்ணயித்த மதிப்பைப் பார்க்க வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து 26க்யூபி படிவத்தில் கட்டவில்லை என்றால் அது தனியாக ஒரு நோட்டீஸ்.

பத்திரத்துக்கு வெளியே கைமாறும் பணம் இன்னும் மோசம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை 269எஸ்எஸ் பிரிவு தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், ரொக்கத்தைக் கையில் வாங்கியவருக்கு. டீச்சருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. ரொக்கமாகத்தான் தருவேன் என்று அடம்பிடித்தவர் மனையை வாங்கியவர். ஆனால் அபராதம் என்று வந்தால் அது டீச்சர் தலையில்.

ரொக்கம். ஒரே நாளில் ஒருவரிடமிருந்தோ, ஒரே விஷயத்துக்காகவோ 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் 269எஸ்டி பிரிவு. இதிலும் அபராதம் அதே அளவு. நண்பரிடம் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கக் கைமாற்று வாங்குவதும் தடைதான். கைமாற்று வாங்காத தமிழ்க் குடும்பம் எது? தயவுசெய்து வங்கி வழியாக வாங்குங்கள்.

மொய். இதைப் பற்றி யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. கல்யாணப் பரிசுக்கு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு கல்யாணம் செய்துகொள்பவருக்கு, அதாவது பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும். நம் ஊரில் மொய் நோட்டு அப்பா பெயரில் ஓடுகிறது, பணமும் அவர் கணக்கில் விழுகிறது. காதுகுத்துக்கும், புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் வைக்கும் மொய் விருந்துக்கும் அந்த விலக்கே கிடையாது. அங்கே உறவினர் கொடுத்ததற்கு மட்டும் வரி இல்லை. அண்ணன், தங்கை, மாமா, சித்தி எல்லாரும் சட்டத்தின் உறவினர் பட்டியலில் உண்டு. அத்தை மகனும் பெரியப்பா மகனும் இல்லை! பட்டியலில் இல்லாதவர்கள் கொடுத்தது ஆண்டுக்கு மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பெயர், ஊர், தொகை எழுதிய அந்த நோட்டுதான் உங்களிடம் இருக்கும் முதல் ஆதாரம்.

பொய்க் கழிவுகள். ரீஃபண்டு வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று ஆலை, அலுவலக வாசல்களில் ஏஜென்டுகள் நிற்கிறார்கள். இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, கட்டாத கல்விக் கடன் வட்டி எல்லாம் போட்டுத் தாக்கல் செய்துவிடுவார்கள். 2025 ஜூலை 14 அன்று இப்படிப்பட்ட ஏஜென்டுகள்மீது நாடு முழுக்கத் துறை சோதனை நடத்தியது. அதில் தமிழ்நாடும் உண்டு. இந்த ஏஜென்டுகள் பலர் மின்னஞ்சல் முகவரியைக்கூடத் தங்களுடையதாகப் போட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் அங்கே போய்ச் சேர்ந்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்கே உள்ளே நுழைந்து, உங்கள் சுயவிவரத்தில் யாருடைய மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன என்று பாருங்கள்.

விவசாய வருமானம். வரி இல்லை என்பதால் கணக்கில் இடிக்கும் தொகையை எல்லாம் இதில் தள்ளுகிறார்கள். சிட்டா, அடங்கல், விளைச்சல் விற்ற ரசீது மூன்றும் இல்லாமல் 8 லட்சம் விவசாய வருமானம் காட்டினால் கேள்வி வரத்தான் செய்யும்.

கடை நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது இங்கும் பலர் க்யூஆர் அட்டையைக் கழற்ற நினைத்தார்கள். கழற்ற வேண்டாம். யுபிஐயில் வந்தது விற்பனை, லாபம் இல்லை. 44ஏடி பிரிவில் போகிற சிறு வியாபாரி வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம். லாபம் அதைவிட அதிகமாக இருந்தால் உள்ளதைக் காட்ட வேண்டும். சிக்கல் எப்போது வரும் என்றால், ஜிஎஸ்டியில் ஒரு விற்றுமுதலும் வருமான வரியில் இன்னொன்றும் எழுதும்போது.

இவை தவிர, வெளிநாட்டு வங்கிக் கணக்கையும் கம்பெனி கொடுத்த வெளிநாட்டுப் பங்குகளையும் காட்டாமல் விட்டது, யாரோ ஒருவர் வீட்டில் நடந்த சோதனையில் உங்கள் பெயர் எழுதிய சீட்டு சிக்கியது, ஆகாதவர் எழுதிப் போட்ட புகார் மனு ஆகியவற்றாலும் விசாரணை தொடங்கலாம். கடைசி இரண்டும் உங்கள் கையில் இல்லை.

படி 4: வந்தது என்ன என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் நோட்டீஸ் என்றே சொல்கிறோம். ஆனால் டீச்சருக்கு வந்தது நோட்டீஸே இல்லை, நினைவூட்டல். அந்தக் கட்டத்திலேயே பதில் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

முதலில் அது நிஜமா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு துறை அனுப்பும் நோட்டீஸ், உத்தரவு, கடிதம் எல்லாவற்றிலும் டின் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். இணையதளத்தின் முகப்பிலேயே, உள்ளே நுழையாமலே, அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். குறுஞ்செய்தியில் வரும் சுட்டியை அழுத்தாதீர்கள். நீங்களே இணையதள முகவரியைத் தட்டச்சு செய்து நுழைந்து, நிலுவையில் உள்ளவை என்ற பகுதியில் இ-புரொசீடிங்ஸ் பாருங்கள். அங்கே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து பிரிவு எண். 143(1) என்றால் துறையின் பெங்களூரு மையம் கணக்கைச் சரிபார்த்து அனுப்பும் அறிவிப்பு. ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் வருவது. 143(1)(ஏ) என்றால் ஒரு திருத்தம் செய்யப்போகிறோம், 30 நாளில் பதில் சொல் என்று பொருள். 139(9) என்றால் ரிட்டர்னில் குறை, 15 நாளில் சரிசெய்ய வேண்டும். 142(1) ரிட்டர்னையோ ஆவணங்களையோ கேட்பது. பதில் தராமல் விட்டால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம், அதிகாரி தன் மதிப்பீட்டிலேயே வரியைத் தீர்மானிக்கலாம்.

143(2) என்றால் உண்மையான கூர்ந்த ஆய்வு. இதற்குக் காலக்கெடு உண்டு. 2025 ஜூலையில் தாக்கல் செய்த ரிட்டர்னுக்கு 2026 ஜூன் 30-க்குள் வந்திருக்க வேண்டும். முகமில்லா முறையில் நடப்பதால் அதிகாரி யார், எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியாது. எழுத்துதான் எல்லாம்.

148ஏ என்றால் பழைய ஆண்டைத் திறக்கப் பார்க்கிறார்கள். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 3 ஆண்டு 3 மாதம்வரை, அந்த ஆண்டைத் திறக்கும் 148 நோட்டீஸ் அனுப்பலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு 3 மாதம்வரை. 148ஏ-யின் விளக்கம் கேட்கும் கட்டம் மிக முக்கியமானது. இங்கே நல்ல பதில் கொடுத்து, ஆண்டைத் திறக்காமலே முடிந்துபோன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். 143(2), 148ஏ இரண்டில் எது வந்தாலும் தனியாகச் சமாளிக்க வேண்டாம். ஆடிட்டரிடம் போங்கள்.

படி 5: பதில் எழுதுவது

கேட்டதற்கு மட்டும் பதில். குடும்பக் கதை வேண்டாம். ரொக்க டெபாசிட் பற்றிக் கேட்டால் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள்: தேதி, தொகை, எங்கிருந்து வந்தது, ஆதாரம். மார்ச் 3-இல் வங்கியிலிருந்து எடுத்த 4 லட்சத்தில் 3 லட்சத்தை மார்ச் 28-இல் திரும்பப் போட்டேன் என்றால், இரண்டு தேதிகளும் தெரியும் ஸ்டேட்மென்ட் பக்கத்தை இணையுங்கள். எடுத்ததற்கும் போட்டதற்கும் இடையில் 2 ஆண்டு இருந்தால், அதுவரை பணம் எங்கே இருந்தது என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் எழுதுங்கள். அவகாசம் போதவில்லை என்றால் கெடு முடிவதற்குள் தள்ளிவைக்கக் கேளுங்கள். அதற்கும் அதே பக்கத்தில் வசதி உண்டு.

எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பணம் 69ஏ பிரிவில் விளக்கப்படாத பணமாகிவிடும். அதற்கு 60 சதவீத வரி, அந்த வரியின்மேல் 25 சதவீத சர்சார்ஜ், இரண்டும் சேர்ந்ததன்மேல் 4 சதவீத செஸ். ஆக 78 சதவீதம். 11 லட்சத்தில் 8,58,000 போய்விடும். நிஜமாக நிலம் விற்ற பணமாகவே இருந்தாலும் காகிதம் இல்லாவிட்டால் இதுதான் கதி.

தப்பு உங்கள் பக்கம் என்று தெரிந்தால், நோட்டீஸ் வருவதற்கு முன்பே திருத்துங்கள். திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடிந்துவிட்டாலும் 139(8ஏ)-இன்படி புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். 2025 முதல் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம்வரை வாய்ப்பு உண்டு. வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் முதல் ஆண்டில் 25 சதவீதம், அடுத்து 50, 60, 70 என்று கூடுதல் வரி. இதில் ரீஃபண்டு கேட்க முடியாது.

டீச்சர் அதைத்தான் செய்தார். விற்பனைத் தொகையை 25 லட்சம் என்று முழுதாகக் காட்டி, மூலதன ஆதாய வரியும் வட்டியும் 25 சதவீதக் கூடுதலும் கட்டினார். மனையை வாங்கியவரிடம், 11 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன் என்று எழுதித் தரச் சொல்லி இரண்டு முறை நடந்தார். அவர் தரவில்லை. 269எஸ்எஸ் அபராதம் வருமோ என்ற பயம் டீச்சருக்கு இன்னும் போகவில்லை. நானும் வராது என்று வாக்குக் கொடுக்கவில்லை.

படி 6: கோப்பு ஒன்று வையுங்கள்

ஆண்டுக்கு ஒரு கோப்பு போதும். ஏஐஎஸ், 26ஏஎஸ், தாக்கல் ரசீது, எல்லா வங்கிகளின் முழு ஆண்டு ஸ்டேட்மென்ட், அந்த ஆண்டில் பதிவான பத்திரங்களின் நகல், பரிசாகவோ கைமாற்றாகவோ வந்த தொகைக்கு இரண்டு வரிக் கடிதம். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு வரி இல்லை, ஆனால் அது மகன் அனுப்பியது என்பதற்கு வங்கி ஆதாரம் வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து குறைந்தது 6 ஆண்டு வைத்திருங்கள். சொத்து வாங்கிய கோப்பை அதை விற்று வரி கட்டி முடிக்கும்வரை.

டெபாசிட் மெஷின் கொடுக்கும் ரசீதுகளை அப்படியே கோப்பில் குத்தாதீர்கள். அந்தத் தாளில் எழுத்து மங்கிப் போய்விடும். டீச்சரின் 22 ரசீதுகளில் 9 ரசீதுகள் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கத்தில் பணம் யார் கொடுத்தது, எதற்கு என்று பேனாவால் எழுதி வையுங்கள்.